‘கள்ளக்காதல்’ என்ற சொல்லைக் கைவிடுங்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும், தலைப்பு வைக்கும் துணை ஆசிரியர்களுக்கும், மாவட்டச் செய்தியாளர்களுக்கும் வணக்கம்.

குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடுவது என் தொழில். கணவன் மனைவிக்குள் நம்பிக்கை உடைந்துபோன கதைகளைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம்கூடக் கழிவதில்லை. அதனால், அந்த உடைவுக்கு உங்கள் தாள்களும் சேனல்களும் வைத்திருக்கும் பெயர் ஒவ்வொரு முறை கண்ணில் படும்போதும் உறுத்துகிறது. கள்ளக்காதல். கூடவே கள்ளக்காதலன், கள்ளக்காதலி, கள்ளத்தொடர்பு. இந்தச் சொற்களைச் செய்தியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துணையை ஏமாற்றுவது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. அதனால் நொறுங்கிப்போனவர்களைத் தினமும் எதிரில் உட்கார வைத்துப் பேசுகிறேன். தூக்கம் போனவர்கள், சாப்பாடு இறங்காதவர்கள், இத்தனை வருடமும் பொய்யா என்று பழைய போட்டோக்களை மறுபடி மறுபடி புரட்டிப் பார்ப்பவர்கள். இவர்களுடைய வலியை மரியாதையோடு சொல்ல ஒரு சொல் வேண்டும் என்பதுதான் என் கவலையே. நீங்கள் பயன்படுத்தும் சொல் அந்த வேலையைச் செய்யவில்லை. யாருக்கு வலித்தது, எதனால் வலித்தது என்பதை மறைத்துவிட்டு, வாசகனை வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது.

உங்கள் கிரைம் செய்திகளில் வரும் ஒரு பத்தி எனக்கு மனப்பாடம். “இருவருக்கும் இடையே பழக்கம் ஏற்பட்டது. நாளடைவில் இது கள்ளக்காதலாக மாறியது. இருவரும் அடிக்கடி தனிமையில் சந்தித்து உல்லாசமாக இருந்து வந்தனர். இதையறிந்த கணவர் மனைவியைக் கண்டித்தார்.” ஊர் மாறும், பெயர் மாறும், இந்த நான்கு வரி மாறவே மாறாது. இதை எழுதிய நிருபர் அந்தத் தனிமையைப் பார்த்தவரா? இல்லை. காவல் நிலையத்தில் கிடைத்த குறிப்பு அப்படியே தாளுக்கு வருகிறது. கைதான ஆள் போலீஸ் அதிகாரியிடம் சொன்னதாகச் சொல்லப்படுவதே பெரும்பாலும் அதற்கு அடிப்படை. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நீதிபதி ஏற்காத ஒன்றை, மறுநாள் காலையிலேயே லட்சக்கணக்கான பேருக்குத் தீர்ந்துபோன உண்மையாகக் கொடுத்துவிடுகிறீர்கள். ‘போலீசார் கூறுகின்றனர்’ என்ற இரண்டு வார்த்தை செய்தியின் கடைசிப் பத்தியில் எங்காவது இருக்கலாம். தலைப்பில் இருப்பதில்லை.

சரி, எந்தெந்த உறவுகளுக்கு இந்தப் பெயரை வைக்கிறீர்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். மணமான ஒருவர் துணைக்குத் தெரியாமல் வேறொருவரோடு பழகினால் கள்ளக்காதல். கணவன் இறந்து பல வருடம் கழித்து ஒரு பெண் மணமாகாத ஒருவரோடு பழகினால் அதுவும் கள்ளக்காதல். அங்கே யாருக்கு யார் துரோகம் செய்தார்கள்? ஏமாந்தவர் என்று காட்ட ஒருவர்கூட இல்லை. கணவனும் மனைவியும் ஐந்தாறு வருடமாகத் தனித்தனியே வாழ்ந்து, விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டே போகும்போது அவர்களில் ஒருவருக்கு வேறு துணை கிடைத்தால் அதற்கும் இதே பெயர். வேலையிடத்தில் ஒருவரோடு சிரித்துப் பேசியதைப் பார்த்துக் கணவன் சந்தேகப்பட்டான் என்றால், அந்தச் சந்தேகத்துக்கும் இதே பெயர். எல்லாவற்றையும் விடக் கொடுமை, பதினாறு வயதுச் சிறுமியிடம் மணமான நடுத்தர வயதுக்காரர் நடந்துகொண்டதை எழுதும்போதும் ‘காதல்’, ‘உல்லாசம்’ என்றே எழுதுகிறீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் இடம் கிடையாது. அது பாலியல் குற்றம். அதில் உல்லாசம் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு இடத்தில் மட்டும் பணிவாகக் கேட்க என்னால் முடியவில்லை. இதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

இப்படி ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து விஷயங்களுக்கு ஒரே பெயர் எப்படிப் பொருந்துகிறது? சேர்ந்து பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. ஊர் அங்கீகரிக்காத உறவு என்பதுதான் அது. நம்பிக்கை உடைந்ததா இல்லையா என்பது இந்தச் சொல்லுக்கு முக்கியமே இல்லை.

‘கள்ள’ என்று தொடங்கும் மற்ற சொற்களை நினைத்துப் பாருங்கள். கள்ளநோட்டு, கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை, கள்ள ஓட்டு. எல்லாமே சட்டப்படி குற்றம். அந்த வரிசையில் கள்ளக்காதலும் காதில் விழும்போது வாசகன் அதையும் குற்றமாகவே எடுத்துக்கொள்கிறான். இன்னொன்று, கள்ளம் என்றால் திருட்டு. திருட்டு என்றால் பொருள் ஒன்று வேண்டும், அதற்கு உடையவன் ஒருவன் வேண்டும். இங்கே அந்தப் பொருள் யார், உடையவன் யார் என்பதைத்தான் இந்தச் சொல் நாசூக்காக முடிவு செய்துவிடுகிறது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு இதே எண்ணத்தின் மேல்தான் நின்றது. 1860-ல் எழுதப்பட்ட சட்டம். இன்னொருவரின் மனைவி என்று தெரிந்தே ஒரு பெண்ணோடு, அந்தக் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் உடலுறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது அது. அந்தச் சம்மதம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கணவன் சரி என்று சொல்லிவிட்டால் குற்றமே இல்லை! உடையவன் அனுமதித்தால் திருட்டு ஆகாதல்லவா, அந்தக் கணக்கு. கணவன் மணமாகாத பெண்ணோடோ கணவனை இழந்தவரோடோ உறவு வைத்திருந்தால் இந்தப் பிரிவு அவனைத் தொடவே தொடாது. மனைவி புகார் கொடுக்கவும் வழி இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 198-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் என்று கணவனை மட்டுமே ஏற்றுக்கொண்டது. ஏமாந்த மனைவி அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

இந்தப் பிரிவு 1954-லும், 1985-லும், 1988-லும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு மூன்று முறையும் தப்பித்தது. கடைசியில் 2018 செப்டம்பர் 27 அன்று, ஜோசப் ஷைன் வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். கணவன் மனைவியின் எஜமானன் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1985-ல் இந்தப் பிரிவு செல்லும் என்று எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட். 2018-ல் செல்லாது என்று எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். ஒரு தலைமுறைக்குள் நீதிமன்றத்தின் பார்வை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தக் குற்றம் இல்லை. (மணமான பெண்ணைத் தவறான நோக்கத்தோடு அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கும் பழைய 498-ஆம் பிரிவு மட்டும் 84-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதிலும் புகாருக்கு அடிப்படை, அவள் இன்னொருவரின் மனைவி என்பதுதான். அந்தப் பழைய எண்ணம் அவ்வளவு சீக்கிரம் போகிறதா என்ன?)

ஆக, மணத்துக்கு வெளியே உறவு என்பது இன்று சிறைக்கு அனுப்பும் குற்றம் கிடையாது. விவாகரத்துக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 1955-ல் அந்தச் சட்டம் வந்தபோது அப்படிப்பட்ட உறவில் ‘வாழ்ந்துகொண்டிருப்பதை’ நிரூபிக்க வேண்டியிருந்தது. 1976 திருத்தத்துக்குப் பிறகு, திருமணத்துக்குப் பின் துணையல்லாத ஒருவரோடு விருப்பத்தோடு ஒரு முறை உடலுறவு கொண்டாலே போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல். சட்டம் தன் வாயிலிருந்து திருட்டு என்ற எண்ணத்தைத் துப்பி ஏழு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் தலைப்புகளில் அது அப்படியே இருக்கிறது.

இது நம் மரபுச் சொல், இதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மரபையே பார்ப்போம். தொல்காப்பியம் அக வாழ்க்கையைக் களவு என்றும் கற்பு என்றும் இரண்டாகச் சொல்கிறது. அங்கே களவு என்பது, பெற்றோர் அறியாமல் இருவர் ஒருவரை ஒருவர் விரும்பிச் சேர்வது. அதே ‘கள்’ என்ற வேரிலிருந்து வந்த சொல்தான். ஆனால் அதில் இழிவு துளியும் இல்லை, யாரும் ஏமாறவும் இல்லை. கல்யாணத்தில் போய்ச் சேரும் பாதி வழி அது. அந்தக் காதலைப் பற்றி ஊரில் நாலு பேர் முணுமுணுத்தால் அதற்கு அம்பல் என்று பெயர், ஊரே வாய்விட்டுப் பேசினால் அலர். தலைவன் பரத்தையிடம் போய்த் திரும்பும் மருதத் திணைப் பாடல்களிலோ, வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது தலைவியோ அவள் தோழியோதான். துரோகத்துக்கு நியாயம் கேட்கும் உரிமை அது யாருக்கு நடந்ததோ அவருக்கு. ஊருக்கு இருந்ததெல்லாம் அலர் தூற்றும் வாய் மட்டும்.

திருக்குறளின் பதினைந்தாம் அதிகாரம் பிறனில் விழையாமை. பத்துக் குறளும் ஆணைப் பார்த்துச் சொன்னவை. அங்கே ஒழுக்கம் கேட்கப்படுவது ஆணிடம். உங்கள் தலைப்புகள் ‘கண்டிப்பது’ பெரும்பாலும் பெண்ணை. அந்த அதிகாரத்தில் இரண்டு எண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதல் குறள் ‘பிறன்பொருளாள்’ என்கிறது. இன்னொருவனுக்கு உரிய பொருள் என்ற அந்தக் காலத்துப் பார்வை அது. மூன்றாம் குறள் வேறு ஒரு இடத்தைத் தொடுகிறது.

“விளிந்தாரின் வேறல்லர் மன்ற தெளிந்தாரில்
தீமை புரிந்தொழுகு வார்.”

தெளிந்தார் இல் என்றால், தன்னைச் சந்தேகப்படாமல் முழுக்க நம்பிவிட்டவருடைய வீடு. அந்த வீட்டில் தீங்கு செய்பவன் செத்தவனுக்குச் சமம் என்கிறார் வள்ளுவர். இங்கே குற்றம் நம்பியவரைக் கெடுத்தது. நாம் கைக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது எண்ணத்தை என்று நினைக்கிறேன். துரோகத்துக்கு ஆண் பெண் பேதம் கிடையாது, கணவனின் அனுமதியோடு அதற்குச் சம்பந்தமும் கிடையாது. ஒருவர் நம்பினார், இன்னொருவர் அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே ஏமாற்றினார்.

என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா விவாகரத்து மனு போட வந்திருந்தார். என் ஜூனியர் மனுவைத் தட்டச்சு செய்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்த அந்த அம்மா, நான்காவது பத்தியில் விரலை வைத்து நிறுத்தினார். “எதிர்மனுதாரர் வேறொரு பெண்ணுடன் கள்ளத்தொடர்பு வைத்திருந்தார்” என்று இருந்தது. “இது வேண்டாம் மேடம். இது பேப்பர்ல வர்ற வார்த்தை. எனக்கு நடந்தது இது இல்லை” என்றார். பிறகு என்ன எழுதலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தேன். அன்னிக்கு நைட் டூட்டின்னு சொல்லிட்டு அங்க போயிருக்கார். அந்த டூட்டின்னு சொன்னாரே, அதை எழுதுங்க.”

எழுதினோம். தேதியோடு எழுதினோம். மனுவில் மிகவும் வலுவாக நின்ற பத்தி அதுதான்.

அந்த அம்மாவுக்கு இன்னொரு பெண்ணின் பெயரில்கூட அவ்வளவு அக்கறை இல்லை. தன்னிடம் சொல்லப்பட்ட பொய், அது சொல்லப்பட்ட நேரம், தான் அதை நம்பிப் “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று அனுப்பி வைத்தது, இவைதான் அவரைக் குடைந்தன. ஆண்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். “என்னை முட்டாளாக்கிட்டா சார்” என்று என் சக வழக்கறிஞரிடம் அழுத ஒரு கணவரை எனக்குத் தெரியும். “ஏமாத்திட்டார்”, “மறைச்சிட்டா”, “அவருக்கு வேற ஒருத்தி இருக்கா”, “நம்பிக்கை போச்சு” என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். தன் கணவனுக்கோ மனைவிக்கோ கள்ளக்காதல் என்று சொந்த வாயால் சொன்னவரை நான் பார்த்ததில்லை. எழுதிக் கொண்டுவரும் புகாரில் இருக்கும், அது உங்கள் தாள்களைப் பார்த்து எழுதியது.

இன்னும் ஒன்று உண்டு. எது துரோகம் என்பதை ஒவ்வொரு தம்பதியும் வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். உடல் தொடர்பே இல்லாமல், இரண்டு வருடம் ஒருவரோடு ராத்திரி ராத்திரியாக மெசேஜில் மனதைக் கொட்டியதைத் தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை தவறி, அன்றே வந்து உண்மையைச் சொன்னவரை மன்னித்துச் சேர்ந்து வாழ்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் உடலுறவை மட்டுமே தனிக் காரணமாக எடுத்துக்கொள்கிறது. மற்றதை எல்லாம் ‘கொடுமை’ என்ற காரணத்துக்குள் கொண்டுவந்துதான் நாங்கள் வாதாடுகிறோம். ஆகவே ஒரு மணவாழ்க்கையில் துரோகம் நடந்ததா என்று அந்த இருவரைத் தவிர வேறு யாராலும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்த இருவரில் ஒருவர் கொலையுண்டு, மற்றவர் கைதாகி இருக்கும் நாளில், அடுத்த பதிப்புக்குள் தலைப்பு வைக்க வேண்டிய ஒருவரால் நிச்சயமாக முடியாது.

இறந்துபோன பெண்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். “நடத்தையில் சந்தேகம்: மனைவியை வெட்டிக் கொன்ற கணவன்.” இந்தத் தலைப்பை எத்தனை தடவை படித்திருப்போம்? நடத்தை என்ற பொதுச் சொல் இந்த இடத்தில் மட்டும் பெண்ணின் உடலைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. வெட்டியவனின் நடத்தையைப் பற்றித் தலைப்பில் ஒரு கேள்வியும் இல்லை. கொலைக்கான காரணம் என்று அவன் சொல்வதை நீங்கள் முன்னால் வைக்கிறீர்கள். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது. அவதூறு பற்றிய சட்டம் இறந்தவரையும் மறக்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் ஒன்றை, அவருடைய குடும்பத்தார் மனம் நோக வேண்டும் என்ற நோக்கத்தோடு வெளியிட்டால் அதுவும் அவதூறு ஆகலாம் என்கிறது. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குடும்பத்தார் படும் பாடு நோக்கத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

2003-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில் சொன்னதை உங்கள் மேசையில் ஒட்டி வைக்கலாம். கணவர் தன் பதிலுரையில் மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றி ஆதாரமில்லாமல் எழுதியிருந்தார். பிறகு அந்த வரிகளைத் திருத்தி நீக்கிவிட்டார். நீக்கினாலும் எழுதியது எழுதியதுதான், அதுவே மனக்கொடுமை என்று நீதிமன்றம் மனைவியின் பக்கம் நின்றது. நீதிமன்றக் கட்டுக்குள் ஒரு சில பேர் மட்டும் படிக்கும் தாளில் எழுதினாலே கொடுமை. உங்கள் தாளையும் யூடியூப் சேனலையும் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

ஒரு சிறுவனை எனக்குத் தெரியும். அவனுடைய அம்மாவை அவன் அப்பாவே கொன்றுவிட்டார். பாட்டி வளர்க்கிறார். அம்மாவின் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, கூடவே சிவப்பு எழுத்தில் அந்தச் சொல்லோடு ஒரு வீடியோ வந்தது. வகுப்பில் ஒரு பையனின் செல்பேசியில் அது இருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பள்ளிக்கூடம் போக மறுத்தான், வேறு இடத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. வழக்கு நடந்து முடிந்து, அப்பாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு யாரோடும் தொடர்பு இருந்ததாக எந்தச் சாட்சியமும் இல்லை என்று தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. தீர்ப்பைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லை. பழைய வீடியோ இன்னும் இருக்கிறது. குற்றத்தில் சம்பந்தப்பட்ட குழந்தையின், சாட்சியான குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அம்மாவின் பெயர், தெரு, போட்டோ எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தை மட்டும் மங்கலாக்கி என்ன பயன்?

இதற்கு நீங்கள் சொல்லும் பதில்களையும் கேட்டிருக்கிறேன். போலீசாரே ‘தகாத உறவு’ என்றுதான் எழுதித் தருகிறார்கள் என்பது ஒன்று. உண்மைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில்கூடக் கொலைக்கான காரணங்களில் ‘காதல் விவகாரம்’ என்று ஒரு தலைப்பும், ‘தகாத உறவு’ என்று இன்னொரு தலைப்பும் இருக்கின்றன. ஆனால் போலீஸ் குறிப்பில் இருக்கும் வேறு எத்தனையோ சொற்களை நீங்கள் மாற்றித்தானே எழுதுகிறீர்கள்? அரசு அலுவலகத் தமிழை மக்கள் தமிழாக்குவதில் பெருமைப்படும் தொழில் உங்களுடையது.

வாசகருக்குச் சட்டென்று புரிய வேண்டும், தலைப்பில் இடம் இல்லை என்பது இன்னொன்று. இடப் பிரச்சினை எனக்குப் புரிகிறது. ஆனால் பல செய்திகளில் அந்த உறவைத் தலைப்புக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. “கள்ளக்காதலைக் கண்டித்த கணவன் கொலை, மனைவி, கள்ளக்காதலன் கைது” என்பதை “கணவன் கொலை: மனைவி உட்பட இருவர் கைது” என்று எழுதிப் பாருங்கள். சின்னதாகவும் இருக்கிறது, இதுவரை உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லவும் செய்கிறது. ஒரு விஷயத்தையும் மறைக்கச் சொல்லவில்லை. உறவுதான் கொலைக்குக் காரணம் என்று போலீஸ் சொன்னால் செய்தியின் உள்ளே, போலீஸ் சொல்வதாக எழுதுங்கள். பழகிவந்தார்கள், உறவில் இருந்தார்கள், சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று நல்ல தமிழ் இருக்கிறது. பெயர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ‘திருமணத்துக்கு வெளியே உறவு’ என்று சொல்லலாம். சில ஊடகங்கள் ‘திருமணம் மீறிய உறவு’ என்று எழுதத் தொடங்கியிருப்பதைக் கவனிக்கிறேன், அதை வரவேற்கிறேன். ‘மீறிய’ என்பதில் ஒரு அதட்டல் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் பழையதற்கு எவ்வளவோ மேல்.

உச்ச நீதிமன்றமே இந்த வேலையைச் செய்திருக்கிறது. 2023 ஆகஸ்டில், தீர்ப்புகளிலும் மனுக்களிலும் பெண்களைப் பற்றிய முன்முடிவுகளைத் தவிர்ப்பதற்கு ஒரு கையேடு வெளியிட்டார்கள். வைப்பாட்டி, நடத்தை கெட்டவள் போன்ற பொருள் தரும் சொற்களை நீக்கி, என்ன நடந்தது என்பதை நேரடியாகச் சொல்லும் தொடர்களைப் போட்டிருக்கிறார்கள். மணத்துக்கு வெளியே உறவு கொண்ட பெண் என்பது போல. மயக்குபவள் என்ற பொருள் தரும் சொல்லுக்கு அங்கே கொடுத்திருக்கும் மாற்று, பெண். அவ்வளவேதான். நூறு வருடத்துக்கும் மேலாக இந்தச் சொற்களைத் தீர்ப்புகளில் எழுதிவந்த நீதித்துறையால் மாற முடியும் என்றால் உங்களால் முடியாதா?

தற்கொலைச் செய்திகளுக்கும் இது பொருந்தும். ‘கள்ளக்காதல் ஜோடி தற்கொலை’ என்று எழுதும்போது இரண்டு சாவுக்கும் ஒரே ஒரு காரணத்தைக் கற்பித்து, கூடவே ஒரு பட்டமும் கொடுத்துவிடுகிறீர்கள். ஒற்றைக் காரணத்தோடு தற்கொலையைச் சுருக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதைத் தழுவி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் வெளியிட்ட நெறிமுறை உங்கள் அலுவலகங்களுக்கும் வந்திருக்கும்.

நான் கேட்பது அதிகமில்லை. உங்களில் பலரிடம் நடைக்கையேடு இருக்கிறது. எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்று அதில் எழுதி வைத்திருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் என்ற சொற்கள் உங்கள் பக்கங்களில் வந்து நிலைத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வாசகர்கள் குழம்பிவிடவில்லை, ஒரே வருடத்தில் பழகிக்கொண்டார்கள். அந்தக் கையேட்டில் கள்ளக்காதல், கள்ளத்தொடர்பு, தகாத உறவு, உல்லாசம், நடத்தையில் சந்தேகம் ஆகியவற்றையும் சேர்த்து, செய்தியில் வரக்கூடாது என்று எழுதுங்கள். இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்து பக்கம் முடிக்கும் துணை ஆசிரியருக்கு அப்போது ஒரு பிடிமானம் இருக்கும், மேலே இருப்பவர் கேட்டால் காட்டிக்கொள்ளலாம். இணையத்தில் தங்கிவிட்ட பழைய செய்திகளில், விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தவற்றையாவது எடுத்துப் பாருங்கள். தீர்ப்பு வேறு மாதிரி சொன்னால் செய்தியின் மேலேயே அதைச் சேருங்கள், பெயரையும் போட்டோவையும் எடுத்துவிடுங்கள். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள். இப்போது அவர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள்.

தீர்ப்பு நகல்களைப் படித்துப் புரிந்துகொள்ள உதவி வேண்டும் என்றால், குடும்பநல வழக்குகளில் இருக்கும் எங்களில் பலர் பணம் வாங்காமல் செய்து தரத் தயாராக இருக்கிறோம். உங்கள் மாவட்ட நிருபர் நீதிமன்ற வளாகத்துக்கு வரும்போது வழக்கறிஞர் சங்க அறையில் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு வழக்கறிஞர்